கணிப்பொறிக் குறியேற்றமும் தமிழ் எண்ணுருக்களும்

எழுத்தையும் எண்ணையும் இரு கண்களாகப் போற்றி வந்தது தமிழ் மரபு. எனினும் இலக்கண நூலார் எழுத்திற்கு ஓர் அதிகாரமே வகுத்தாராக, எண்ணை எழுதும் உருவிற்கு விதி வகுத்தாரில்லை. எண்ணுப்பெயர்கள் ஒன்றோடொன்று புணருமாற்றைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துக் குற்றியலுகரப் புணரியலில் விரிவாக ஆராய்கின்றார். அவ்வெண்களை எழுதும் குறிகளைப் பற்றி அவர் யாதும் கூறிற்றிலர். கல்லிலும் ஏட்டிலும் எண் பொறித்தோர் அம்முறையை வழக்கினாற் கற்று, வழக்கினாலேயே பிறர்க்குக் கற்பித்தனர். எண்சுவடியை மனப்பாடம் செய்த திண்ணைப் பள்ளி மாணவனுக்கு விதி வேண்டியிருக்கவில்லை. ஆசிரியனின் குரலே அவனுக்கு விதியாயிற்று.

அவ்வழக்கு அறுந்துபோய் நெடுங்காலமாயிற்று. இன்று தமிழ் எண்ணுருக்களைப் படிக்க வேண்டியவன் மனிதன் மட்டும் அல்லன். கணிப்பொறியும் அவற்றைப் படிக்க வேண்டியுள்ளது. கல்வெட்டுகளும் ஓலைக் கணக்குகளும் மின்பதிப்புகளாக மாறி வருகின்றன. அவற்றைத் தேடுதலும், வரிசைப்படுத்துதலும், கூட்டிக் கணக்கிடுதலும் பொறியின் வேலையாகி விட்டன. எழுதப்படாத விதியைப் பொறி அறியாது. ஆகலின், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தந்து ஒழுங்கு செய்துள்ள ஒருங்குறி என்னும் யூனிக்கோடு, தமிழ் எண்ணுருக்களை எவ்வாறு கொண்டுள்ளது, கொண்டவற்றுள் எதனைக் காத்தது, எதனை விட்டது என்பவற்றை ஆராய்தல் தமிழாய்வாளர் கடனாகின்றது. இக்கட்டுரை அம்முயற்சியின் ஒரு பகுதி. தமிழெண் என்பது குறிகளின் தொகுதி மட்டும் அன்று, அஃது ஒரு தொடர் என்பதும், ஒருங்குறி குறிகளுக்கு மதிப்புத் தந்ததன்றித் தொடருக்கு இலக்கணம் தரவில்லை என்பதும் இங்கு நிறுவப்பெறும்.

எண்ணுருவும் எழுத்துருவும்

ஒருங்குறியில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு தனியெண் உண்டு. அதனைக் குறியெண் என்போம். தமிழுக்கென ஒதுக்கப்பெற்ற பகுதி 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்களாகும். ககரத்தின் குறியெண் 2965. ஒன்று என்னும் எண்ணைக் குறிக்கும் ௧ என்பதன் குறியெண் 3047. கண்ணுக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பொறிக்கோ இவை தொடர்பற்ற இருவேறு பொருள்கள். உகரமும் ௨ என்பதும், எகரமும் ௭ என்பதும், அகரமும் ௮ என்பதும், யகரமும் ௰ என்பதும் இத்தகையனவே.

உருவம் ஒன்றாயிருக்க இருவேறு எண் தருதல் வீண் அன்றோ என வினவுவாரும் உளர். கிரேக்க மொழியினர் தம் எழுத்துகளையே எண்களாகவும் கையாண்டனர். எபிரேயரும் அவ்வாறே செய்தனர். ஒருங்குறியில் கிரேக்க எழுத்தாகிய ஆல்பாவுக்கு ஒன்று என்னும் மதிப்புத் தரப்படவில்லை. அஃது எழுத்தாகவே நிற்கின்றது. எண்ணாக வருங்கால் அதன் பக்கத்தே ஒரு சிறு கோடு இட்டுக் காட்டப்பெறும். உரோம எண்களுக்குத் தனிக் குறியெண்கள் உளவேனும், அவை பெரும்பாலும் பழைய கிழக்காசியத் தொகுப்புகளோடு பொருந்துதற்கென்றே வைக்கப்பட்டவை. இலத்தீன் எழுத்துகளை இட்டு எழுதுதலே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. சீன மொழியின் நிலை வேறு. அங்கே ஒன்று, பத்து, நூறு ஆகியவற்றைக் குறிக்கும் உருக்கள் சொற்களும் ஆகலின், அவை எழுத்தின் இனத்தில் வைக்கப்பட்டு, எண்மதிப்பும் உடன் தரப்பட்டுள்ளன. ஆக, எழுத்தாகவே விடுதல், எழுத்தென வைத்து மதிப்புத் தருதல், எண்ணெனத் தனியே பிரித்தல் என மூவகை நெறிகள் ஒருங்குறியுள் காணப்படுகின்றன. தமிழ் மூன்றாவது நெறியைப் பெற்றது.

இந்நெறி தமிழுக்குப் பொருந்துவதேயாம். அதற்குச் சான்று தமிழ் எண்ணுருக்களின் வரிசையிலேயே உள்ளது. கிரேக்க எண்கள் அவர்தம் நெடுங்கணக்கின் வரிசையைப் பின்பற்றுவன. முதலெழுத்து ஒன்றையும் இரண்டாமெழுத்து இரண்டையும் குறிக்கும். தமிழிலோ நெடுங்கணக்கின் முதலாகிய அகரத்தை ஒத்த உரு எட்டைக் குறிக்கின்றது. அதற்குப் பின்வரும் எகரத்தை ஒத்த உரு ஏழைக் குறிக்கின்றது. மெய்வரிசையின் முதலாகிய ககரத்தை ஒத்த உரு ஒன்றைக் குறிக்கின்றது. எழுத்தின் வரிசையிலிருந்து இவ்வெண்கள் பிறந்திருப்பின் இத்தகைய முறைமாற்றம் நேர்ந்திராது. பிராமி எண்ணுரு மரபின் வழிவந்த குறிகள் கால ஓட்டத்தில் எழுத்துருவை அணுகின என்று எழுத்தாய்வாளர் கூறும் முடிபே ஏற்புடையது. பிறப்பால் வேறாகிய ஒன்றை வடிவ ஒப்புமை கருதி ஒன்றெனக் கொள்ளாமை ஒருங்குறியின் சிறப்பு எனலாம்.

ஆயின் இச்சிறப்பே பதிப்பாசிரியனுக்கு ஒரு பொறுப்பையும் சுமத்துகின்றது. நம் முதுகலை வகுப்பில் ஓலைக் கணக்கொன்றின் தட்டச்சுப் படியை மாணவர்க்குப் பயிற்சியாகத் தந்தோம். எண்கள் வரும் அடிகளையெல்லாம் பொறியைக் கொண்டு தேடித் தொகுக்குமாறு பணித்தோம். பொறி ஓரடியையும் காட்டவில்லை. காரணம் ஆராய்ந்தபோது, படியெடுத்தவர் ௧ என்பதற்குக் ககரத்தையும், ௰ என்பதற்கு யகரத்தையும் இட்டிருந்தமை புலனாயிற்று. அவரைக் குறைகூறற்கு இடமில்லை; அவர் கண் கண்டதை அவர் கை எழுதிற்று. எனினும் அக்கணக்கில் இருந்த எண்கள் அனைத்தும் பொறியைப் பொறுத்தவரை அழிந்தே போயின. இத்தகைய மயக்கம் தரும் உருக்களின் பட்டியலை ஒருங்குறி மன்றம் பாதுகாப்பு நோக்கிற்காகத் தனியே பேணுகின்றது. தமிழ்ப் பதிப்பாளரும் அத்தகைய விழிப்பைத் தம் தொழிலில் மேற்கொள்ளல் வேண்டும்.

சுழியின் வரவு

ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கு அது பின்பற்றியது, 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்தியத் தரத்தின் அமைப்பையாகும். அவ்வமைப்பின்படி ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் 128 இடங்கள் தரப்பட்டு, ஒத்த ஒலிகளும் ஒத்த எண்களும் ஒத்த இடங்களில் வைக்கப்பட்டன. தேவநாகரிச் சுழியின் குறியெண் 2406. அங்கிருந்து ஐந்து படி கடந்தால், அதாவது 640 இடம் கடந்தால், தமிழ்ச் சுழிக்குரிய இடம் 3046 எனக் கிடைக்கும். முதற் பதிப்பில் அவ்விடம் வெறுமையாக விடப்பட்டது. 3047 முதல் 3055 வரை ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களும், 3056, 3057, 3058 ஆகிய இடங்களில் முறையே பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் குறிகளும் இடம்பெற்றன.

இவ்வெறுமை தமிழ் மரபை அறிந்து விடப்பட்டதாகவே கொள்ளலாம். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி உடைய முறைக்குச் சுழி வேண்டுவதில்லை. இருநூற்று மூன்று என்பதை ௨௱௩ என எழுதுவோன், பத்தின் இடத்தில் ஒன்றுமில்லை என்பதைக் காட்ட ஒரு குறி இடவேண்டியவன் அல்லன். அவ்விடமே அவன் முறையில் இல்லை. எனினும் அச்சுக்காலம் தோன்றியபின் தமிழ்க் கணித நூல்கள் இடமதிப்பு முறையை மேற்கொண்டு, தமிழ் எண்ணுருக்களோடு சுழியையும் சேர்த்து எழுதலாயின. அவ்வழக்கும் தமிழ் வழக்கே; காலத்தாற் பிந்தியது என்பதனால் அதனைப் புறந்தள்ளுதல் இயலாது. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த 4.1 பதிப்பில் தமிழ்ச் சுழி 3046-ஆம் இடத்தைப் பெற்றது. பதினான்கு ஆண்டுகள் காத்திருந்த இடம் நிரம்பியது.

இம்மாற்றத்தைச் சிறு திருத்தமாகக் கருதுவோர் அதன் பொருளை முற்றும் உணர்ந்திலர் என்போம். ஒருங்குறி எண்மதிப்புடைய குறிகளை மூவகையாகப் பிரிக்கின்றது. இடமதிப்பு முறையில் எழுதப்பெறும் பதின்ம இலக்கங்கள் முதல்வகை. மேலெழுத்தாகவும் வட்டத்துள்ளும் வரும் இலக்கங்கள் இரண்டாம் வகை. பின்னங்கள், பத்து, நூறு முதலிய ஏனைய எல்லாம் மூன்றாம் வகை. முதல்வகையைச் சேர்ந்தவை சுழி முதல் ஒன்பது வரை பத்துக் குறிகளாக, இடையறாத வரிசையில், ஏறுமுகமாக நிற்றல் வேண்டும் என்பது இன்று அம்மன்றம் மாறாது காக்கும் நெறி. தமிழின் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள குறிகள் சுழி வருமுன்பே முதல்வகையில் வைக்கப்பட்டிருந்தன. சுழி வந்தபின் அவ்வகைப்பாடு நிறைவெய்தியது. அன்று முதல் ௨௩ என்னும் வரிசையை எந்தப் பொறியும் இருபத்து மூன்று எனத் தயக்கமின்றிப் படிக்கும். பைத்தன் என்னும் நிரல்மொழியில் இவ்வரிசையை முழுவெண்ணாக மாற்றுக என ஏவினால் 23 என்னும் விடையே கிடைக்கும்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள அதே ஒன்பது குறிகள் இருவேறு இலக்கணங்களுக்கு உறுப்பாகின்றன. சுழியோடு சேருங்கால் அவை இடத்தால் மதிப்புப் பெறும். ௰, ௱, ௲ ஆகியவற்றோடு சேருங்கால் தொடரால் மதிப்புப் பெறும். ஒருங்குறி முதல் இலக்கணத்தை அறியும். இரண்டாவதன் உறுப்புகளை மட்டுமே அறியும்.

பத்து, நூறு, ஆயிரம்

பொறிக்குத் தெரிந்தது யாது எனக் காண்போம். ௰ என்பதன் மதிப்பு பத்து என ஒருங்குறியின் அட்டவணை கூறுகின்றது. ௱ என்பதற்கு நூறும், ௲ என்பதற்கு ஆயிரமும் தரப்பட்டுள்ளன. மூன்றும் மூன்றாம் வகையைச் சார்ந்தவை. இம்மதிப்புகளில் பிழையில்லை. ஆயினும் முன்னர்க் கூறிய அதே நிரல்மொழியிடம் ௨௰௩ என்பதை முழுவெண்ணாக மாற்றுக என ஏவினால், இஃது எண் அன்று எனப் பிழை காட்டும். ஒவ்வொரு குறியின் மதிப்பும் பொறிக்குத் தெரியும். மூன்றும் சேர்ந்து நின்றதன் பொருள் தெரியாது. சொற்பொருள் அறிந்தும் சொற்றொடர் அறியாத தொடக்கநிலை மாணவன் போன்றது அதன் நிலை.

தமிழெண்ணின் தொடர் இலக்கணம் யாது? பத்து முதலியவற்றுக்கு முன்னர் நிற்கும் சிற்றெண் அதனைப் பெருக்கும். பின்னர் நிற்கும் சிற்றெண் அதனோடு கூடும். ௨௰ என்பது இருபது. ௰௨ என்பது பன்னிரண்டு. இவ்விரண்டிலும் உள்ள குறிகள் ஒன்றே. குறியெண்களும் 3048, 3056 என்னும் இரண்டே. இடம் மாறிய அளவில் பெருக்கல் கூட்டலாயிற்று. இதனைத் தமிழ் மாணவர் நன்கறிவர். பன்னிரண்டு என்பதைப் பத்தும் இரண்டும் என விரிப்போம், அஃது உம்மைத்தொகை. எண்ணின் பெயர் உம்மைத்தொகையாதலைத் தொல்காப்பியர் எச்சவியலுள் எடுத்தோதியுள்ளார். இருபது என்பதையோ இரண்டாகிய பத்து என்றே விரிக்க வேண்டும். அங்கே உம்மைக்கு இடமில்லை. ஆகவே ௰௨ என்பதும் ௨௰ என்பதும் வெவ்வேறு தொகைகள். எழுத்தில் உருபு தொக்கது போலவே எண்ணுருவிலும் கூட்டற்குறியும் பெருக்கற்குறியும் தொக்கு நிற்கின்றன. தொக்கதை விரித்துணர்தற்கு இலக்கணம் வேண்டும்.

எண்ணுரு எண்ணுப்பெயரின் வெறும் நிழல் எனவும் கொள்ளுதற்கில்லை. தொண்ணூறு என்னும் சொல்லில் நூறு என்னும் பகுதி கேட்கின்றது; தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் கேட்கின்றது. எழுதுங்கால் முன்னது ௯௰ எனவும், பின்னது ௯௱ எனவும் வரும். சொல்லின் திரிபைப் பின்பற்றாது எண்ணுரு தன் ஒழுங்கையே பின்பற்றுகின்றது. எனவே எண்ணுருத் தொடருக்குச் சொற்புணர்ச்சியின் வேறாகிய தனி இலக்கணம் ஒன்று உண்டு என்பது தெளிவு. அதனை எழுதிவைத்தல் நம் பொறுப்பாயிருந்தது. நாம் அதனை முறையாகச் செய்திலோம்.

இவ்விலக்கணம் அறியாமையால் நேரும் தீங்கு சிறிதன்று. மின்பதிப்பாளர் பலர், பொறி படிக்க மாட்டாத குறிகளை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை இக்கால எண்ணாகக் கொள்ளுதலே எளிதெனக் கருதலாம். ௨௰௩ என்பதில் ௰ நீங்கினால் ௨௩ எஞ்சும். விடை இருபத்து மூன்று. அது சரியானதே. இச்சரிமை தற்செயலானது என்பதை அடுத்த எடுத்துக்காட்டுகள் காட்டும். ௨௱௩ என்பது இருநூற்று மூன்று. நடுக்குறி நீங்கினால் எஞ்சுவது ௨௩. ௨௲௩ என்பது ஈராயிரத்து மூன்று, எஞ்சுவது ௨௩. ௨௱௩௰ என்பது இருநூற்று முப்பது. எஞ்சுவது மீண்டும் ௨௩. நான்கு வேறு எண்கள் ஓரெண்ணாகச் சுருங்கின. ஒருவன் கொடுத்த நெல்லும் மற்றொருவன் பெற்ற பொன்னும் இங்ஙனம் பத்திலொன்றாகவும் நூற்றிலொன்றாகவும் குறைந்துவிடும். முதல் எடுத்துக்காட்டில் விடை பொருந்தி வந்தமையே ஏனையவற்றில் ஐயம் எழாதவாறு செய்துவிடும் என்பது நினைக்கத்தக்கது. முழுதும் தவறாக அமையும் முறை விரைவில் பிடிபடும்; ஓரோவழிச் சரியாக அமையும் முறையோ நெடுநாள் மறைந்திருக்கும்.

இவ்விடத்து ஒருங்குறி மன்றத்தின் சார்பில் ஒன்று கூறுதல் நடுவுநிலைமையாம். அம்மன்றம் மொழி வழக்குகளைத் தொகுத்துப் பேணும் சி.எல்.டி.ஆர். என்னும் தரவுத் தொகுதியில் தமிழுக்கு இரு எண்முறைகள் பதியப்பட்டுள்ளன. ஒன்று சுழியோடு கூடிய பதின்ம முறை; மற்றது மரபு முறை. மரபு முறையை எழுதுதற்குரிய விதியும் அங்கே தரப்பட்டுள்ளது. பத்து என்பதை ௧௰ என்னாது ௰ என்றே எழுதுதலும், இருபது முதல் முன்னெண் இடுதலும் அவ்விதியில் அமைந்துள்ளன. ஆகவே தொடரிலக்கணம் முற்றிலும் புறக்கணிக்கப்பட்டது என்றல் பொருந்தாது. எனினும் அவ்விதியின் முதற்பயன் இக்கால எண்ணை மரபுருவில் எழுதிக்காட்டுதல். ஏட்டில் கிடந்த எண்ணைப் படித்துப் பொருள் காணுதல் அன்று. பின்னங்களை அது தொடவும் இல்லை. அன்றியும் அது குறியேற்றத்தின் உள்ளே இல்லாது, வேறொரு தொகுதியில் இருத்தலின், பதிப்புப் பணி செய்வார் பலர் அதனை அறியார்.

பின்னமும் கீழும்

தமிழ்க் கணக்கு மரபின் நுட்பம் பின்னங்களில் விளங்கும். கணக்கதிகாரம் பயின்றார் முந்திரி, அரைக்காணி, காணி, மா, மாகாணி என்னும் பெயர்களை நன்கறிவர். இவற்றின் குறிகள் ஒருங்குறியுள் நெடுங்காலம் இடம்பெறவில்லை. 2003-ஆம் ஆண்டின் 4.0 பதிப்பில் நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகியவற்றைக் குறிக்கும் எட்டுக் குறிகள் 3059 முதல் 3066 வரை சேர்ந்தன. பின்னங்கள் அப்போதும் வரவில்லை. அண்டை மொழியாகிய மலையாளம் தன் கால், அரை, முக்கால் குறிகளை 2008-ஆம் ஆண்டிலும், மா, அரைக்காணி முதலியவற்றின் நுண்பின்னக் குறிகளை 2016-ஆம் ஆண்டிலும் பெற்றுவிட்டது. தமிழ்ப் பின்னங்கள் 2019-ஆம் ஆண்டின் 12.0 பதிப்பில், தமிழ்ப் பின்னிணைப்பு என்னும் தனிப்பகுதியில் 51 குறிகளுள் ஒரு கூறாக வந்தன. அப்பகுதி 73664 என்னும் குறியெண்ணில் தொடங்குகின்றது. முதன்மைப் பகுதியினின்றும் மிகச் சேய்மையில் இருத்தலானும், அவற்றைக் காட்டவல்ல எழுத்துருக்கள் பரவலாக இன்மையானும், இக்கட்டுரையில் அக்குறிகளைப் பெயராலேயே சுட்டுகின்றோம்.

அங்குள்ள பின்னக் குறிகள் இருபது. அரைக்கு இரு வடிவங்களும், பதினாறிலொன்றுக்கு இரு வடிவங்களும் தனித்தனியே இடம்பெற்றமையின், மதிப்பால் அவை பதினெட்டேயாம். முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, அரைமா 1/40, மா 1/20. மற்றொரு வரிசையில் அரை, கால், அரைக்கால் என இரண்டிரண்டாகக் குறைந்து 1/64 ஆகிய கால்வீசம் வரை செல்லும். இவ்விரு வரிசைகளும் வேறுவேறு போலத் தோன்றினும், பதினெட்டு மதிப்புகளும் முந்திரியின் முழு மடங்குகளே என்பது கருதத்தக்கது. கால்வீசம் ஐந்து முந்திரி. மாகாணி இருபது முந்திரி. கால் எண்பது முந்திரி. ஆகவே எத்துணைப் பின்னங்களைக் கூட்டினும் முந்திரியால் எண்ணிவிடலாம். முக்கால், இருமா, காணி, அரைக்காணி என அடுக்கி வரும் தொகையை 240, 32, 4, 2 எனக் கூட்டி 278 முந்திரி என ஒரு நொடியில் கூறலாம். ஒருங்குறி இம்மதிப்புகளைத் தசமமாக மட்டும் வைக்காது பின்ன வடிவிலேயே பதிந்துள்ளமை பாராட்டுக்குரியது.

இங்கே நம் கருத்துக்கு வலுவான சான்றாவது கீழ் என்னும் குறி. முந்திரிக்கும் நுண்ணிய பகுதியைக் கூறவேண்டின், கணக்கர் புதுப்பெயர் தேடாது, கீழ் என்னும் சொல்லை இட்டு, முன்னைய பின்னங்களையே மீண்டும் வழங்கினர். கீழ் என்பதன் பின்வருவன எல்லாம் முந்நூற்றிருபதில் ஒரு கூறாகக் குறையும். கீழ்முந்திரி 1/102400 ஆகும். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் நிலத்தை வேலியின் பகுதிகளாகக் கூறுமிடத்து இம்முறை பயின்று வருகின்றது. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருட் சொற்களை அடுக்குமிடத்துக் கீழ் என்பதனையும் ஓதினார். இச்சொல் தன்னளவில் எதனையும் எண்ணாது. ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள உறவைக் காட்டும்.

ஒருங்குறி இதற்கு 73684 என்னும் குறியெண் தந்து, குறைக்கும் காரணி எனப் பெயரிட்டது. பெயர் பொருத்தமே. ஆனால் மதிப்பு அட்டவணையில் இதற்கு 1/320 எனக் குறிக்கப்பட்டுள்ளது. முந்திரிக்கும் அதே அட்டவணையில் 1/320. ஆகப் பொறியின் பார்வையில் பெயரும் உறவுச்சொல்லும் ஒரே மதிப்புடையனவாயின. முந்திரிகைக் கீழ் அரை என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதன் பொருள் ஒரு முந்திரியும், முந்திரியில் பாதியும் என்பதாம், அதாவது 3/640. அட்டவணையை மட்டும் நம்பி மூன்று மதிப்புகளையும் கூட்டுவோன் 1/320, 1/320, 1/2 எனக் கூட்டி 162/320 என விடை காண்பான். சரியான விடையினும் இது நூற்றெட்டு மடங்கு மிகுதி. வேலியில் இருநூற்றிலொரு பங்குக்கும் குறைவான நிலம் அரை வேலிக்கு மேற்பட்டதாகிவிடும். மதிப்பு ஒவ்வொன்றும் சரி. கணக்கு முழுதும் பிழை. குறிக்கு மதிப்புத் தருதல் தொடருக்குப் பொருள் தருதலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பதிப்பாசிரியர் கடன்

இவற்றையெல்லாம் ஒருங்குறியின் குற்றமெனக் கூறி அமைதல் நேர்மையாகாது. குறியேற்றத்தின் பணி குறிகளை வேறுபடுத்திக் காத்தல். தொடரை விளக்குதல் இலக்கணத்தின் பணி. அகரமுதலி எழுதியோனிடம் உரை எழுதவில்லை என முறையிடல் தகாது. குறிகள் வந்துவிட்டன, இனி எஞ்சியது நம் பங்கு. அப்பங்கினை மூன்றாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, மூலத்தில் உள்ள குறியை உள்ளவாறே எண்ணுருவின் குறியெண்ணால் பதிதல். ௨௰௩ என இருப்பதை ௨௩ என்றோ 23 என்றோ வாய்பேசாது மாற்றுதல் பாடத்தைத் திருத்துதலை ஒக்கும். சொல்லில் ஓரெழுத்தை மாற்றினும் அடிக்குறிப்பிடும் பதிப்பாசிரியர், எண்ணை முழுதும் மாற்றிவிட்டு ஒன்றும் கூறாதிருத்தல் எவ்வாறு முறையாகும்? சுழியின்றி எழுதிய கணக்கனைச் சுழியோடு எழுதியவனாகக் காட்டுதல் கணித வரலாற்றையே பொய்ப்பித்தலாகும். ஓர் ஏட்டில் எண்கள் எம்முறையில் எழுதப்பட்டுள்ளன என்பது அவ்வேட்டின் காலத்தை ஆராய்தற்கும் ஒரு துணையாதலை மறத்தலாகாது.

இரண்டாவது, குறியோடு அதன் பொருளையும் உடன் பதிதல். மின்பதிப்புக்கென உலக ஆய்வாளர் வகுத்துள்ள டி.இ.ஐ. என்னும் நெறியில், எண் வருமிடத்தை இன்னதென அடையாளமிட்டு, அதன் மதிப்பை உள்ளே தனியாக எழுதுதற்கு வழியுண்டு. மூலம் ௨௱௩ எனக் கண்ணுக்குத் தோன்றும். 203 என்னும் மதிப்பு பொறிக்குத் தெரியும். மூலமும் உரையும் ஓரிடத்தே நிற்றல் நம் பதிப்பு மரபுக்குப் புதிதன்று. மூலத்தை உரைக்கேற்பத் திருத்தாமலும், உரையை மூலத்துள் கலக்காமலும் காத்தல் நம் முன்னோர் கண்ட நெறியே.

மூன்றாவதும் முதன்மையானதும், எண்ணுருத் தொடரின் இலக்கணத்தை எழுதுதல். பெருக்கல் எங்கே, கூட்டல் எங்கே, கீழ் என்பதன் ஆட்சி எதுவரை செல்லும், முழுவெண்ணும் பின்னமும் அளவைக் குறிகளும் எம்முறையில் அடுக்கப்படும், மரபு முறையும் சுழி முறையும் கலந்து வரும் ஏடுகளை எவ்வாறு படிப்பது என்பனவற்றைச் சான்று காட்டி விதிகளாக வகுத்தல் வேண்டும். கல்வெட்டுத் தொகுதிகளிலும் ஓலைக் கணக்குகளிலும் சான்றுகள் நிறைந்துள்ளன. இப்பணியைக் கணிப்பொறியாளர் செய்துகொள்வர் என விட்டுவிடல் ஆகாது. அவர்க்குத் தொகையும் தெரியாது, வேற்றுமையும் தெரியாது. நமக்கு அவை தெரியும். முனைவர் பட்டத்திற்குப் பொருள் தேடும் மாணவர்க்கு இதனினும் பயனுடைய பொருள் அரிதென்போம்.

முடிவாக

தமிழ் எண்ணுருக்களை ஒருங்குறி எழுத்தினின்றும் பிரித்துக் காத்தது; அது நன்று. சுழிக்கு இடம் தந்து பின்னைய வழக்கை ஏற்றது, அதுவும் நன்று. பின்னங்களைக் காலம் தாழ்த்தேனும் கொண்டது. ஆயினும் அது காத்தது குறிகளையே. அக்குறிகளை இணைத்து எண்ணாக்கிய அறிவு அட்டவணையில் அடங்காது. அவ்வறிவை ஒரு காலத்தில் ஊர்க்கணக்கர் நெஞ்சில் வைத்திருந்தனர். திண்ணை ஆசிரியர் நாவில் வைத்திருந்தனர். இன்று அஃது எழுத்தில் வைக்கப்பட்டாலன்றி நிலையாது.

எழுத்து, சொல், பொருள் என மூன்றற்கும் இலக்கணம் கண்ட மொழியில் எண்ணின் தொடருக்கு மட்டும் இலக்கணம் எழுதப்படாதிருத்தல் நெடுங்காலத்துக் குறை. பொறி கேட்கின்ற வினாவே அக்குறையை நமக்கு உணர்த்திற்று. ௨௰௩ என்பதைக் கண்டு இஃது எண் அன்று எனப் பொறி மறுக்குங்கால், அது தன் அறியாமையை மட்டும் கூறவில்லை. நாம் சொல்லாது விட்டதையும் சுட்டுகின்றது. அதற்கு விடை கூறும் கடப்பாடு தமிழ்த்துறைகளுக்கே உரியது.